என் கைக்கு அளவான கத்தி

அன்பு குறையாத ஆரோக்கியத்துக்கு,

நான் கத்தி வாங்கிவிட்டேன். நலம் விசாரித்துவிட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். உன் நலத்தை இனி யாரிடம் போய் விசாரிப்பது? அதனால் நேரே செய்திக்கு வந்துவிட்டேன். வலது கால்சட்டைப் பையில், சாவிக்குப் பக்கத்தில், மடக்கினால் ஒன்பது சென்டிமீட்டர் இருக்கிற ஒரு கத்தி. இதை எழுதும்போதும் அது அங்கேதான் இருக்கிறது.

வாங்கி ஐந்து மாதமாகிறது. உன்னிடம் சொல்லும் துணிவு போன செவ்வாய்க்கிழமைதான் வந்தது. ஏன் செவ்வாய்க்கிழமை என்பதைப் பிறகு சொல்கிறேன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும் என்பது உனக்குத் தெரியாதா?

இதை உன்னை அறியாதவர்களும் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒன்றிரண்டு வரிகள். நீ அடுகோடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவன். நான் அரசாங்க வரைபட அறையில் முப்பத்துநான்கு வருஷம் கோடு போட்டவன். லிங்கராஜபுரத்தில் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. காலையில் பார்க்கில் ஒரே பெஞ்சு. உன் பையில் எப்போதும் மரப்பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தி இருக்கும். கொய்யா நறுக்க, பார்சல் பிரிக்க, சிலிண்டர் மூடியின் நைலான் கயிற்றை அறுக்க, தெருவே உன்னைத்தான் கூப்பிடும். "ஆரோக்கியண்ணா, கத்தி இருக்கா?" என்ற குரல் கேட்டால் மாடியிலிருந்து நீ ஒரே வார்த்தை சொல்வாய். "இருக்கு."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிற விதத்தில் எனக்குப் பொறாமை இருந்தது. இதை உன்னிடம் சொன்னதில்லை.

இன்னொன்றையும் படிப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பார்கள். நான் படித்தவன். இதில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட உன் கையிலிருந்து நான் கத்தி வாங்கியதில்லை. நீயும் சளைக்காமல் பெஞ்சின் மேல் வைப்பாய். "படையல் வெச்சாச்சு, எடுத்துக்குங்க பூசாரி," என்பாய். நான் எடுத்து, நறுக்கி, துடைத்து, திரும்ப பெஞ்சில் வைப்பேன்.

அந்தக் கடைசி வாரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், தலையணைக்கு அடியிலிருந்து சாவிக்கொத்தோடு அதை உருவி என் பக்கம் நீட்டினாய்.

"யோவ் சுந்தரம், இத நீ வெச்சுக்கோ."

"கீழ வை ஆரோக்கியம், எடுத்துக்கிறேன்," என்றேன்.

எங்கே வைப்பாய்? ஒரு கையில் டிரிப் ஊசி. பக்கத்து மேசை முழுக்க மருந்து. போர்வை மேல் வைத்திருக்கலாம், அது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நீ சிரித்தாய். "சரி விடு, நாளைக்கு," என்று திரும்பத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டாய். மறுநாள் நான் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

நீட்டிய கையை அப்படியே விட்டவன் நான். பதினோரு மாதமாக இதோடுதான் காலை நடை போகிறேன்.

நீ போன பிறகு ஒரு நாள் பார்க்கில் யாரோ ஒரு பை நிறையக் கொய்யா கொண்டுவந்தார்கள். "கத்தி இருக்கா?" என்று பழக்கத்தில் கேட்டும் விட்டார்கள். எல்லாரும் உன் இடத்தைப் பார்த்தார்கள். அதன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பழத்தைக் கடித்துத் தின்றுவிட்டுக் கலைந்தோம். அன்றைக்கு நினைத்தேன், இந்தக் கேள்விக்கு நம் தெருவில் யாராவது 'இருக்கு' என்று சொல்லத்தான் வேண்டும். அந்த யாராவது நானாக இருக்க முடியுமா? சாலையைக் கடக்கவே இன்னொருவர் கடக்கும்வரை காத்திருக்கிற நான்?

முதலில் செய்த காரியத்தைக் கேட்டால் நீ எழுந்து வந்து அடிப்பாய். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பையில் கத்தி வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று விசாரிக்க. அங்கே இருந்த ஏட்டம்மா கன்னடத்தில் ஆரம்பித்து, என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு வந்தார்.

"எதுக்கு சார் கத்தி?"

"கொய்யா நறுக்க. பார்சல் பிரிக்க."

"கொய்யா வந்து கம்ப்ளெயின்ட் குடுத்தா பாத்துக்கலாம், போங்க சார்."

நான் போகவில்லை. நோட்டும் பேனாவுமாக நின்றேன். அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார். "சின்னதா வெச்சுக்குங்க. கோர்ட்டு, ஏர்போர்ட்டு, கூட்டம் கீட்டம்னா வீட்ல வெச்சுட்டுப் போங்க. மெட்ரோல செக் பண்ணுவாங்க, அதுக்கும் வேணாம். யாரையும் மிரட்டாதீங்க."

"நான் மிரட்டினா யாராவது பயப்படுவாங்களா அம்மா?" உண்மையாகவே சந்தேகம், அதனால்தான் கேட்டேன்.

அவர் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "அதுவும் கஷ்டம்தான்," என்றார்.

அடுத்தது அளவு. உன் கத்தியை, நீ பார்க்காத ஒரு நாள், ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன். மடக்கிய நீளம் பன்னிரண்டு சென்டிமீட்டர். அது உன் கை. என் கைக்கு எது? கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாமே சரியாகத்தான் தோன்றும். பை என்பது நாள் முழுக்க இருக்கிற விஷயம். ஆகவே செருப்புப் பெட்டி அட்டையை அடுக்கடுக்காக ஒட்டி, நடுவில் எடைக்கு இரும்பு வாஷர் வைத்து, கறுப்பு டேப் சுற்றி மூன்று அட்டைக் கத்திகள் செய்தேன். பன்னிரண்டு, ஒன்பது, ஏழு. ஒவ்வொன்றையும் ஒரு வாரம் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

பன்னிரண்டு, ஆட்டோவில் உட்காரும்போதெல்லாம் தொடையில் குத்தியது. செருப்பு வாரை மாட்டக் குனிந்தால் இடுப்பெலும்பைத் தேடி வந்தது. நாலாம் நாளே அதை மேசைமேல் விட்டுவிட்டுப் போக எனக்குக் காரணங்கள் கிடைக்க ஆரம்பித்தன. கூட வராத கத்தி எதற்கு? ஏழு, இருப்பதே தெரியவில்லை. கைக்குட்டைக்கு அடியில் ஒளிந்துகொண்டது, தேடி எடுக்க இருபது எண்ண வேண்டியிருந்தது. எடுத்தாலும் பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம், மற்ற இரண்டும் காற்றில் தொங்கின. ஒன்பதுதான் பையில் அமைதியாக இருந்தது. கட்டை விரலை விட்டுவிட்டு என் உள்ளங்கை அகலம் எட்டரை. நாலு விரலும் பிடியில் உட்கார்ந்து ஒரு நூல் மிச்சம் இருந்தது.

கத்தியின் அளவு பிடிக்கிறவன் உள்ளங்கையில் இருக்கிறது என்று நோட்டில் எழுதினேன். ரொம்பப் பெரிய வாக்கியமாகப் பட்டது, அடித்துவிட்டேன். மறுநாள் மேலேயே திரும்ப எழுதினேன்.

இந்த ஆராய்ச்சி நடந்த மூன்றாம் வாரம் உன் வீட்டு சோபாவில் ஒரு அட்டைக் கத்தி என் பையிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. உன் மனைவி பிலோமினா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்கண்ணா இது? ஸ்கூல் டிராமாவுக்கா?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அவரோடது அலமாரியிலதான் சும்மா கெடக்கு. எடுத்துட்டுப் போங்களேன்."

"எனக்கு அது பெருசும்மா," என்றேன். பொய்யில்லை, நோட்டில் ஆதாரம் இருக்கிறது. ஆனால் முழு உண்மையும் இல்லை. நீ நீட்டியபோது வாங்காததை, நீ இல்லாதபோது எப்படி எடுப்பேன்?

ஆஸ்டின் டவுனில் ஒரு இரும்புச் சாமான் கடை. கடைக்கார பாய் முதலில் ஒன்றைக் காட்டினார். பொத்தானைத் தட்டினால் 'சடக்'கென்று திறக்கிறது. நான் ஓரடி பின்னால் போய்விட்டேன்.

"ஷோக்கா இருக்குல்ல பெரியவரே?"

"பயமா இருக்கு. மெதுவாத் திறக்கிறது வேணும். திறந்தா தானா மடங்கி விரல்ல விழக் கூடாது. அப்புறம்..." தயங்கித்தான் சொன்னேன். "முனை வேணாம்."

"முனை இல்லாத கத்தியா? அதுக்குப் பேரு ஸ்பூன்."

நீயும் இதையேதான் சொல்லியிருப்பாய். எனக்குக் கை லேசாக நடுங்குகிறது, ஆரோக்கியம். நடுங்குகிற கையில் கூர்முனை எங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்? நான் ஒன்பது சென்டிமீட்டர் அட்டையை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தேன். பாய் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார், பிடித்துப் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார். விளையாட்டுப் பேச்சு நின்றது. உள்ளே போய், அடித்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார்.

"தோட்டத்துல செடி ஒட்டுக் கட்றவங்க கேப்பாங்க. ரொம்ப நாளா யாரும் கேக்கல."

அலகு ஆறரை சென்டிமீட்டர். வெட்டுகிற பக்கம் நேர்கோடு. முதுகுப் பக்கம் நுனியில் வளைந்து இறங்கி அதோடு சேர்ந்து மழுங்கி நிற்கிறது. குத்த முடியாது, அறுக்க மட்டும்தான் முடியும். அலகில் கட்டை விரல் நுழைய ஒரு துளை. என் நகமெல்லாம் உடைந்துபோகிற வயதுக்கு அது பெரிய உபகாரம். திறந்தால் ஒரு பூட்டு விழுந்து அலகைப் பிடித்துக்கொள்கிறது. பிடி ஒன்பதுக்கு இரண்டு மில்லிமீட்டர் அதிகம். மன்னித்துவிட்டேன்.

பாய் நீட்டினார். "கீழ வையுங்க," என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் கண்ணாடிமேல் வைத்தார். "எங்கம்மாவும் இதான் சொல்லும்," என்றார்.

பையில் அது குறுக்கே விழாமல் நிற்க, தையல்காரரிடம் சொல்லி உள்ளே ஒரு தடுப்புத் தைத்தேன். "பேனாவுக்கா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அந்த ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். பிறகு தினமும் சாப்பாட்டு மேசையில் திறப்பதும் மூடுவதும். ஒரு மாதத்தில் விரல் பழகிவிட்டது, மனசு பழகவில்லை. அடுத்த முறை பார்க்கில் கொய்யா வந்தபோது "இருக்கு" என்று சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. பழத்தை அன்றைக்கும் கடித்துத்தான் தின்றார்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமை.

காலை ஒன்பதரை இருக்கும். தெரு முனை பேக்கரி எதிரில் ஒரு ஸ்கூட்டர் இழுபட்டு நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். தூசிக்காகத் துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். அதன் நுனி பின்சக்கரத்துக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. அவர் பின்னால் வளைந்து, தலை சக்கரத்தை நோக்கி இழுபட்டுக் கிடந்தார். இரண்டு பேர் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். கணவர் சக்கரத்தைப் பின்னால் சுற்றப் பார்த்தார். அது இம்மியும் அசையவில்லை.

"வண்டிய தூக்குங்கப்பா."

"தூக்காத, இன்னும் இறுகும்."

பேக்கரிக்காரர் உள்ளே ஓடினார். அந்த அம்மாவின் முகம் நிறம் மாறிக்கொண்டிருந்தது. அவர் குரல் நின்றுவிட்டது. அப்போது யாரோ கத்தினார்கள். "யார்கிட்டயாச்சும் கத்தி இருக்கா?"

நீ எங்கே என்று நான் திரும்பிப் பார்த்தேன், ஆரோக்கியம். சத்தியமாகத் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு, "இருக்கு," என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். இந்த முறை கேட்டிருக்கிறது.

பையிலிருந்து எடுத்தேன், துளையில் கட்டை விரலை வைத்தேன், திறந்தேன், பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. சாப்பாட்டு மேசையில் நூறு தடவை செய்தது. சாப்பாடு டெலிவரி செய்கிற ஆள் ஒருவர், ஹெல்மெட்கூடக் கழற்றாமல், என் முன்னால் கையை நீட்டினார். "குடுங்க அங்கிள், நான் அறுக்கறேன்."

பலசாலி, நடுங்காத கை. கொடுத்திருக்க வேண்டியதுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தியைக் கீழே வைக்க இடம் தேடினேன். வண்டி சீட்டில் இடமில்லை. தார் ரோட்டில் குனிந்து வைத்து, அவர் குனிந்து எடுக்க வேண்டுமா? அந்த அம்மாவின் கால் ஒருமுறை உதறியது. இடமில்லை, நேரமும் இல்லை. கையில் கொடுக்க முடியாதவன் வேறு என்ன செய்வான்?

"நானே பண்றேன்பா, நீ தலையப் பிடி," என்றேன்.

முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். துணிக்கும் கழுத்துக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. அலகைத் தட்டையாகப் படுக்க வைத்து, மழுங்கின நுனியை முன்னால் விட்டு, காதுக்குக் கீழே தோலோடு தோலாகத் தள்ளினேன். அது போயிற்று. முனை மட்டும் இருந்திருந்தால் அந்த இடத்துக்குக் கத்தியைக் கொண்டுபோக எனக்குத் தைரியம் வந்திருக்காது. போயிருந்தாலும் என் நடுக்கத்துக்கு எங்கே கீறியிருக்குமோ. முதுகுப் பக்கத்தைத் தோலுக்குக் காட்டி, வெட்டுகிற பக்கத்தை வெளியே திருப்பி இழுத்தேன். மூன்று இழுப்பு. முதல் சுற்று அறுந்தது. அடுத்த சுற்று தானாகத் தளர்ந்தது.

அவர் மூச்சை இழுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கழுத்தில் துணி இறுகின சிவப்புக் கோடு இருந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை பார்த்தேன். கத்தியின் கீறல் ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் பேக்கரிக்காரர் கேக் வெட்டுகிற ரம்பக் கத்தியோடு ஓடிவந்தார், முழங்கை நீளத்துக்கு ஒன்று. நான் என்னுடையதை மடக்கிப் பையில் போட்டேன்.

"சக்கத்து அங்கிள்," என்று கன்னடத்தில் பாராட்டினார் டெலிவரிக்காரர். "கேட்டேன், தரவே இல்ல பாத்தியா," என்று பக்கத்து ஆளிடம் வேறு சொன்னார்.

கணவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் ஏதேதோ சொல்லி அழுதார். அந்த அம்மா தண்ணீர் குடித்து, குரல் திரும்பியதும் முதலில் கேட்டது, "யாரது, கத்தி வெச்சிருந்தது?"

"நான்தான்மா," என்றேன். ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் அனுப்பினோம். சாயந்திரம் அவர் நலமாக இருப்பதாகக் கணவர் போனில் சொன்னார்.

இதில் என் பங்கு எவ்வளவு என்று இரண்டு நாள் யோசித்தேன். அது துணிச்சலா, அல்லது கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்ற பழைய பயமா? பயந்தவன் வாங்கிய கத்தி என்பதால்தானே அதற்கு முனை இல்லை? உன்னிடம் என்னைத் தவறச் செய்த அதே பழக்கம் செவ்வாய்க்கிழமை என்னை முழங்கால் போட வைத்ததென்றால், அதைத் திட்டுவதா, கும்பிடுவதா? நீயே சொல். எனக்கு விளங்கவில்லை. ஆனால் பெருமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இந்த வரியை அடிக்கப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பிலோமினா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் உன் கத்தி. மரப்பிடி என் பக்கம் இருக்க நீட்டினாள்.

"கீழ..." என்று ஆரம்பித்தேன்.

"கீழல்லாம் வைக்க மாட்டேன்," என்றாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரில நீங்க கெளம்பினதும் அவரு ஒரே சிரிப்பு. 'அந்த ஆளு என் கையால வாங்க மாட்டான். எனக்கப்புறம் அவனே ஒண்ணு வாங்கிக்குவான் பாரு. அளவெடுத்து அளவெடுத்து ஒரு வருஷம் ஆக்கிடுவான்'னாரு. நீங்க அட்டைக் கத்தியோட வந்தப்பவே சொல்லியிருப்பேன். நீங்களே வாங்கி முடிக்கட்டும்னுதான் வாயத் தொறக்கல."

அப்படியானால் அன்றைக்கு நீட்டிய கையை நீ ஏமாற்றத்தோடு மடக்கவில்லையா?

வாங்கினேன், ஆரோக்கியம். கையில். நாலு விரலுக்கு அப்புறமும் பிடி நீண்டுகொண்டே போகிறது, அது உன் கைக்கான கத்தி. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பிடியை அவள் பக்கம் திருப்பி, அவள் கையிலேயே கொடுத்தேன். ஒன்றும் அறுந்துபோகவில்லை. அவள் டீ போடச் சமையலறைக்குள் போனாள், சர்க்கரை டப்பா எங்கே என்று உரிமையோடு கேட்டாள்.

ஒரு திருத்தம் மட்டும். ஒரு வருஷம் ஆகவில்லை. ஆறு மாதத்தில் வாங்கிவிட்டேன். உன் கணக்கு தப்பு.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மாதம் ஒருமுறை உன் வீட்டுக்குப் போய் உன் கத்திக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பேன். என்னுடையது என் பையில் இருக்கும். நம் தெருவில் யார் எந்த மாடியிலிருந்து கேட்டாலும், கேட்டவருக்குக் கேட்கும்படி "இருக்கு" என்பேன். கையை நீட்டினால் பெஞ்சைத் தேட மாட்டேன், பிடியைத் திருப்பிக் கையிலேயே தருவேன். நாளைக்குப் பார்க்குக்குக் கொய்யா நானே வாங்கிப்போகிறேன்.

உன் எதிர்வீட்டுப் பூசாரி,
பிலோமினாவுக்கு அண்ணன்,
சுந்தரேசன்